மூடி போட்டால் கடிகாரம் நிற்கும்

அவளை அலுவலகத்தில் எல்லோரும் நிமிஷக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகம் என்றால் ஒரு சமையல் செயலி நடத்தும் கம்பெனி. நான்காவது மாடியில் முப்பது பேர் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். அந்த முப்பது பேரில் வெங்காயம் உரித்துக் கண் கலங்கியவர்கள் நான்கு பேர் தேறினால் அதிகம். உரிக்கிற வேலை முழுக்க நிமிஷக்காவுடையது. மாடியின் கோடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்கும் கழிவறைக்கும் நடுவே, இரண்டு அடுப்பும் ஒரு தொட்டியும் உள்ள சின்ன அறை அவளுக்கு. செயலியில் ஏறப்போகும் ஒவ்வொரு சமையலையும் அவள் அங்கே ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அமுக்கி எத்தனை நிமிஷம் ஆனது என்று குறிக்க வேண்டும். அந்த எண்தான் செயலியில் படத்துக்குக் கீழே கொழுத்த எழுத்தில் வரும்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரு மருத்துவமனை கேன்டீனில் தினம் முந்நூறு பேருக்குச் சமைத்தவள் அவள். அங்கே யாரும் நிமிஷம் கேட்டதில்லை. பன்னிரண்டரைக்குச் சோறு தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் கேன்டீனை எடுத்துவிட்டு, காசு போட்டால் பொட்டலம் தள்ளும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேலை தேடிக் கிளம்பினாள். செயலிக் கம்பெனி நேர்முகத்தில் "ஸ்மார்ட்போன்ல நல்லாப் பழக்கமா?" என்று கேட்டார்கள். "அடுப்புல நல்லாப் பழக்கம்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது.

அங்கே அவளுக்கு மேலே இருந்தவர் வளர்ச்சி மேலாளர். வயது முப்பதைத் தொடவில்லை. எது வளர வேண்டும் என்று அவரிடம் கேட்கக் கூடாது. எல்லாமே வளர வேண்டும். முதல் வாரம் அவள் 'ஒரே சட்டியில் கோழியும் உருளைக்கிழங்கும்' செய்து, நோட்டில் ஐம்பத்து மூன்று என்று எழுதிக் காட்டியபோது அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, அம்பத்திமூணா? ஒருத்தன் வேலை முடிஞ்சு பசியோட வீட்டுக்கு வர்றான். போனை எடுத்து 'இருபது நிமிஷ சமையல்'னு தேடறான். அதுல நம்ம பேர் முதல்ல வரணும். அம்பத்திமூணுன்னு போட்டா வெளிய சாப்பிடப் போயிடுவான்."

"அதுக்கு வெங்காயம் என்ன பண்ணும் தம்பி? அது வதங்கற நேரத்துலதான் வதங்கும்."

"உங்க அனுபவத்துக்கு ஏதாவது வழி இல்லாமலா போயிடும்? யோசிங்கக்கா."

அனுபவம் என்ற வார்த்தையில் அவள் விழுந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள்:

"நறுக்கறதை யாரு சமையல்ங்கறது? அதைத் தள்ளுங்க. எண்ணெய் காயறதும் என் வேலையில்ல. மூடி போட்டப்புறம் நான் சும்மாதானே நிக்கறேன், சட்டிதானே சமைக்குது? அதையும் தள்ளுங்க. மிச்சம் எவ்வளவோ அதுதான் என் நேரம்."

நறுக்க பதினாறு, எண்ணெய் காய இரண்டு, மூடி போட்ட பிறகு பதினைந்து. தள்ளிப் பார்த்தால் சொல்லி வைத்ததுபோல் இருபது நின்றது. வளர்ச்சி மேலாளர் அவளை ஒரு விஞ்ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாள் வெள்ளைப் பலகையில் 'மூடி விதி' என்று எழுதி, முப்பது பேரையும் கூட்டி விளக்கினார்: எண்ணெய் காய்ந்ததும் கடிகாரம் ஓடும், மூடி போட்டால் கடிகாரம் நிற்கும். எல்லோரும் கைதட்டினார்கள். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று அவள் வாயைத் திறந்திருக்கலாம். கைதட்டல் கேட்கச் சுகமாக இருந்ததால் திறக்கவில்லை. உண்மை நேரத்தை மட்டும் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அதை யாரும் கேட்கவும் இல்லை, அவளும் காட்டவில்லை.

செயலி பிய்த்துக்கொண்டு ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இருபது நிமிஷம் என்று ஆளை உள்ளே இழுப்பார்கள். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவில், சரியாகக் கை முழுக்க மாவும் மசாலாவுமாக இருக்கும் நேரத்தில், ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் திரையை அடைக்கும். அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு இருக்கும். இன்னொரு பக்கம், ஒரு நிமிஷம் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும். அணையாமல் இருக்க வேண்டுமா, சந்தா கட்டு. முதல் ஏழு நாள் இலவசம், எட்டாம் நாள் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். இரண்டு நாள் திறக்காமல் இருந்தால், 'உங்கள் வெங்காயம் உங்களை நினைத்து ஏங்குகிறது' என்று செய்தி வரும். இத்தனையும் நிமிஷக்காவுக்குத் தெரியும். தன் வேலை சமைப்பது மட்டும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் அவள் கணவர் ஓய்வு பெற்றார்.

முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். கையிலும் காலிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பேருந்து ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. கடைசி நிறுத்தத்திலிருந்து சந்தை வரைக்கும் நாற்பது நிமிஷம் என்று அட்டவணையில் போட்டிருந்தது. எந்தக் கொம்பன் ஓட்டினாலும் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. ஏறுகிறவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அட்டவணையை எழுதியவன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. தெரியாதவனை வைது தீர்ப்பது சாப்பாட்டோடு சேர்ந்த பழக்கமாகிவிட்டது. இளமையில், "அவன் மட்டும் கையில கெடச்சான்னா பல்லைத் தட்டிடுவேன்" என்பார். நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒரே ஒரு நாள் அவனை என் சீட்ல உட்கார வச்சு ஓட்டச் சொல்லிட்டு, பக்கத்துல நின்னு வாட்சைப் பார்ப்பேன்." அவளும் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "படுபாவி" என்று கூடச் சேர்ந்து திட்டுவாள்.

ஓய்வு பெற்ற மறுநாளே, "இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டே. இனிமே ராத்திரி சாப்பாடு என் பொறுப்பு" என்றார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் உடனே போனில் ஒரு சமையல் செயலியை இறக்கினார். எந்தச் செயலி என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி வேலை பார்க்கும் இடத்துக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்காமல் இருப்பாரா?

முதல் நாளே ஒரே சட்டிக் கோழி. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு இருபதுக்குச் சாப்பாடு என்று அறிவித்தார். ஏழரைக்கு வெங்காயம் கண்ணாடிபோல் வெளுத்து நின்றது. விளம்பரம் வந்தபோது இரண்டு கையிலும் மசாலா. மூக்கு நுனியால் பெருக்கல் குறியைக் குத்தப் போய், இரண்டு லிட்டர் எண்ணெய்க்கு ஆர்டர் போட்டுவிட்டார். ஏழு ஐம்பத்து மூன்றுக்குத் தட்டு வந்தது. ருசி அருமை. ஆனால் மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முப்பத்திமூணு நிமிஷம் லேட்டு."

இருபதையும் முப்பத்து மூன்றையும் அவள் மனசுக்குள் கூட்டினாள். ஐம்பத்து மூன்று. அவள் நோட்டில் இருந்த அதே எண். அரை நிமிஷம் கூடவுமில்லை, குறையவுமில்லை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த மனுஷர் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அதற்குள் அவர், "நீ இதை இருபது நிமிஷத்துல முடிச்சிடறே இல்ல? இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே இல்ல பாரு, உன் கை எவ்வளவு வேகம்னு" என்று அவளை வாயைப் பிளந்து பார்த்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பார்த்தது இல்லை. அவள் வெட்கத்தோடு, "ஆளுக்கு ஆள் மாறும்ங்க" என்று மென்று விழுங்கினாள். இது பச்சைக் கோழைத்தனம். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அவர் விடவில்லை. ஒன்பது நாள் அதே கோழி. கத்தியைத் தீட்டினார். வெங்காயக் கூடையை வலது பக்கம் மாற்றினார். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இத்தனை எட்டு என்று வகுத்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று ஐம்பத்து மூன்றாகவே இருந்தது. கோழியைக் கண்டாலே அவளுக்குக் குமட்டியது. செயலி அவருக்கு 'சமையல் வீரர்' என்று பட்டம் கொடுத்து, அடுத்த பட்டத்துக்குச் சந்தா கேட்டது. அதையும் கட்டினார்.

பத்தாம் நாள் அலுவலகத்தில் வேறு ஒரு கூத்து. செயலியில் தொப்பி வைத்த ஒரு பொம்மைச் சமையல்காரி உண்டு. பெயர் செஃப் அக்கா. சிரித்த முகம், கன்னத்தில் குழி. ஜனங்கள் கேள்வி கேட்டால் செஃப் அக்கா பதில் சொல்வாள். செஃப் அக்காவுக்குப் பதிலாகப் பதில் சொல்வது நிமிஷக்கா. எழுதி வைத்த பத்துப் பதில்களில் ஒன்றை அமுக்கினால் போதும். அன்று காலை, 'கடைசி நிறுத்தம்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: 'ஒன்பது முறை செய்துவிட்டேன். ஐம்பத்து மூன்று நிமிடத்துக்குக் குறையவில்லை. என்னிடம் என்ன கோளாறு?' அவள் பராக்குப் பார்த்துக்கொண்டே நான்காம் பதிலை அமுக்கினாள்: 'கவலை வேண்டாம்! பழகப் பழகக் கை வேகம் கூடும்!' பெயரை இரண்டாம் முறை படித்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது.

மாலைக்குள் அந்தக் கேள்விக்குக் கீழே நானூறு பேர் வந்து குவிந்துவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு அறுபத்தொன்று, நான் மட்டும்தான் மந்தம் என்று நினைத்திருந்தேன், என் மாமியாரிடம் இதைக் காட்டப்போகிறேன். வளர்ச்சி மேலாளர் துள்ளிக் குதித்து வந்தார்.

"அக்கா, பாத்தீங்களா? ஒரே ஒரு பொய்யில ரெண்டு தடவை லாபம்! முதல்ல இருபதைப் பார்த்து உள்ள வர்றான். அப்புறம் தன் நேரத்தைப் புலம்ப மறுபடி வர்றான். 'உங்கள் நேரம்'னு தனியா ஒரு பக்கம் போடப் போறேன். சந்தா கட்டினவங்க மட்டும் புலம்பலாம்."

பொய் என்று அவர் வாயாலேயே வந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

வீட்டுக்குப் போனால் அவர் போனை நீட்டினார். "செஃப் அக்கா பதில் போட்டிருக்காங்க, பாரு. பழகப் பழக வேகம் கூடுமாம். எனக்குக் கூடவே இல்லியே. அந்தம்மாவை உனக்குத் தெரியுமா?"

"பார்த்திருக்கேன்."

"நல்ல மாதிரியா?"

அவள் கொஞ்சம் யோசித்து, "அப்படி ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்ல" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். சட்டைகூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார். சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், அவர் சரி என்றால் திங்களிலிருந்து வேலை.

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றார். "கை போச்சு. நமக்குத் தெரியாமலே போயிருக்கு. ஒரு வெங்காயத்துக்கே முப்பது நிமிஷம் பின்தங்கறவன், குறுக்க ஒரு குழந்தை ஓடினா எப்ப பிரேக்கை மிதிப்பான்? குழந்தைங்க உசுரு. விளையாட்டில்ல."

அதைச் சொன்னபோது அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் ஒருத்தர்மேலும் உரசாமல் ஓட்டிய கை அது. அந்தக் கை கெட்டுப்போனது என்று அவர் நம்பும்படி செய்தது அவளுடைய ஒரு வேடிக்கைப் பேச்சும், அவளுக்குப் பிடித்த ஒரு கைதட்டலும்தான். சொன்னால் வேலை போகலாம். அதைவிட, அவர் அவளை வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பார்வை போய்விடும். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் தயங்கினாள். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தாள் என்று நாம் கேட்காமல் இருப்பது நல்லது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் மறுப்பைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "வணக்கம் சார், ரொம்ப நன்றி, உடம்பு ஒத்துழைக்கல" என்று சுவரில் மாட்டிய சட்டையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"முதல் பக்கத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரே சட்டிக் கோழி, ஐம்பத்து மூன்று. பக்கத்தைப் புரட்டினார். எல்லாச் சமையலுக்கும் உண்மை நேரம், அவள் கையெழுத்தில்.

"இது அம்பத்திமூணுன்னா, இருபதுன்னு போட்டது யாரு?"

"நான்தாங்க."

மூடி விதியை ஆதியோடந்தமாகச் சொன்னாள். செஃப் அக்காவையும் சேர்த்துச் சொன்னாள். பூசி மெழுகவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"முப்பத்தோரு வருஷமா அந்த அட்டவணைக்காரனைத் தேடினேன்" என்றார். "கடைசியில என் வீட்டுலயே சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் அவள் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு முக்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ம், ஆரம்பி."

"என்னத்தை?"

"கோழியை. நறுக்கறதும் சேர்த்துதான். மூடி போட்டாலும் வாட்ச் நிக்காது."

அவள் ஆரம்பித்தாள். வெங்காயம் ஒன்று உருண்டு அவர் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஓடியது. முந்நூறு பேருக்குச் சமைத்தவள், ஒரே ஒரு ஆள் முறைத்துப் பார்த்ததில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நின்றாள். பாதியில் அவர், "இப்ப ஒரு விளம்பரம்" என்று சொல்லி, எழுந்து வந்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கையிலும் மசாலாவோடு அவரை நகர்த்த முடியாமல் அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட்டாள். மூடி போட்டாள். இருவரும் பதினைந்து நிமிஷம் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மூடியைத் திறந்ததும் அவர் வாட்சை அமுக்கினார். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அம்பத்தாறு. என்னைவிட மூணு நிமிஷம் லேட்டு."

"நீங்க குறுக்க வந்து நின்னீங்க."

"எனக்கும்தான் குறுக்க நின்னாங்க" என்றவர், கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். இந்த முறை வேறு மாதிரி பார்த்தார். பிறகு ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டு, "ருசி மட்டும் உன்னுது ஒரு படி மேல" என்று முனகினார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எடுத்தார்.

"வணக்கம் சார். வர்றேன், சந்தோஷமா வர்றேன். ஆனா ஒரு விஷயம். எத்தனை நிறுத்தம்? பதினொண்ணா. எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கீங்க? முப்பதா." ஒரு நொடி நிறுத்தி மனைவியைப் பார்த்தார். "அதை எழுதினவரைத் திங்கட்கிழமை காலையில என் பக்கத்து சீட்ல வந்து உட்காரச் சொல்லுங்க சார். அவர்மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல. சும்மா கூட வரட்டும்."

அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கான பையை எடுத்தாள். அவர் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி நோட்டோடு உள்ளே வைத்தாள். துவைத்து மடித்த இரண்டாவது ஏப்ரனையும் வைத்தாள். வளர்ச்சி மேலாளருக்கு அது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.